சொந்த மாநிலமா, வெளிமாநிலமா? எடைபோட்டு முடிவெடுக்கும் முறை

அத்தியாயம் 6

பொங்கல் விடுமுறை முடிகிற இரவு. குன்றத்தூர் முருகன் மலை அடிவாரத்தில் ஆட்டோவுக்காக நிற்கிறீர்கள். பூந்தமல்லிக்குப் போய்ப் பெங்களூரு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தோளில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த வடாமும் புளிக்காய்ச்சலும். வழியனுப்ப வந்த அப்பா, "இங்கேயே ஒரு வேலையைப் பார்த்துக்கிட்டா என்னப்பா?" என்கிறார். பஸ் கிளம்பும்போது, இந்த வருஷத்தோடு ஊருக்கு வந்துவிடுவது என்று மனசு முடிவு கட்டுகிறது. ஏப்ரலில் சம்பள உயர்வுக் கடிதம் வருகிறது. "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று அதே மனசு சொல்கிறது.

இரண்டுமே அவசரத்தில் எடுத்த முடிவுகள். பதினோரு வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டுக் குன்றத்தூருக்குத் திரும்பியவன் நான். முதல் நான்கு வருஷம் இப்படித்தான் ஊசலாடினேன். பிறகு ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டிலிருந்து வந்ததே இந்த அத்தியாயம். உங்கள் ஊர் வேறாக இருந்தால் குன்றத்தூர் வரும் இடத்தில் அதை வைத்துப் படியுங்கள். முறை ஒன்றுதான்.

அத்தியாயம் முழுவதற்கும் ஒரே ஒரு விதி: பின்வாங்க முடிகிற காரியம் முதலில், பின்வாங்க முடியாத காரியம் கடைசியில். வாடகை வீட்டைக் காலி செய்யலாம். வாங்கிய மனையை நினைத்த நாளில் விற்க முடியாது. ஒரு மாதம் ஊரில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். ராஜினாமா கடிதத்தைத் திரும்ப வாங்குவது கடினம்.

## தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

- ஒரு 80 பக்க நோட்டு. இடப்பக்கம் "இங்கே" (சொந்த ஊர்), வலப்பக்கம் "அங்கே" (வெளிமாநிலம்).
- கடைசி 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் சம்பளச் சீட்டும்.
- பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் சாதிச் சான்றிதழ்.
- ஊரிலுள்ள அப்பா அம்மாவின் மருத்துவக் கோப்பு.
- ஆறு வாரம் அவகாசம். அதற்கு முன் யாரிடமும் "வந்துவிடுகிறோம்" என்று சொல்லாதீர்கள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவே முடிவெடுக்கும்படி ஆகிவிடும்.

## படி 1: கேள்வியைச் சிறியதாக்குங்கள்

"தமிழ்நாடா, கர்நாடகமா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நாம் வாழப்போவது ஒரு மாநிலம் முழுவதிலும் அல்ல, ஒரு தெருவில். அதனால் கேள்வியை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

1. மாநிலம் தருவது: கல்லூரிச் சேர்க்கை விதிகள், இடஒதுக்கீடு, ரேஷன், அரசுத் திட்டங்கள், அரசு வேலைக்கான தகுதி, பிள்ளை படிக்கும் மொழி.
2. ஊர் தருவது: வேலைக்குப் போகும் தூரம், பள்ளி, மருத்துவமனை, சாலை, தண்ணீர்.
3. தெரு தருவது: மழையில் தண்ணீர் நிற்குமா, அக்கம்பக்கம் எப்படி, வீட்டுக்காரர் எப்படி.

ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11இல் தொடங்கிய சக்தி திட்டம் அந்த மாநில முகவரிச் சான்று உள்ள பெண்களுக்கானது. இது மாநிலம் தருவது. ஆனால் உங்கள் தெருமுனையில் அந்தப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பது ஊர் தருவது. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டால் கணக்கு தப்பும்.

குறிப்பு: கணவன், மனைவி, விவரம் தெரிந்த பிள்ளை ஆகிய ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில், மற்றவர் தாளைப் பார்க்காமல், ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். உங்கள் சொந்த ஊர் உங்கள் மனைவிக்குப் புகுந்த ஊர். அவர் வேலையும் அவர் நட்பும் அவர் தாளில்தான் தெரியவரும்.

## படி 2: பணக் கணக்கு

சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதை ஒப்பிடுங்கள். கீழே இருப்பது முறையைக் காட்டும் மாதிரிக் கணக்கு. எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். மளிகை, பள்ளிக் கட்டணம் இரண்டு இடத்திலும் ஒன்றே என்று கொள்வோம்.

பெங்களூரு
- கைக்கு வரும் சம்பளம்: ரூ. 85,000
- வாடகை: ரூ. 26,000
- பராமரிப்பு, தண்ணீர்: ரூ. 3,500
- ஊருக்குப் போய்வரும் செலவு (வருஷம் ரூ. 60,000): ரூ. 5,000
- பெற்றோர் வீட்டுக்கு அனுப்புவது: ரூ. 12,000
- மிச்சம்: ரூ. 38,500

குன்றத்தூர்
- கைக்கு வரும் சம்பளம்: ரூ. 68,000
- வாடகை: ரூ. 13,000
- பராமரிப்பு, தண்ணீர்: ரூ. 2,500
- வேலைக்குப் போய்வரும் செலவு: ரூ. 6,000
- பக்கத்திலேயே இருக்கும் பெற்றோருக்கான கூடுதல் செலவு: ரூ. 7,000
- மிச்சம்: ரூ. 39,500

சம்பளம் 17,000 குறைந்தும் மிச்சம் ஆயிரம் கூடுகிறது. இதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். அடுத்த மூன்று வருஷத்தையும் போட்டுப் பாருங்கள். அங்கே ஆண்டுக்கு 10 சதவீதமும் இங்கே 7 சதவீதமும் சம்பளம் ஏறினால், மூன்றாம் வருஷ முடிவில் அங்கே சுமார் 1,13,000, இங்கே சுமார் 83,000. 17,000 ஆக இருந்த இடைவெளி 30,000 ஆகிவிடுகிறது. ஆகவே புது வேலைக்குப் பேசும்போது இன்றைய சம்பளத்தைவிட, அங்கே மேலே போக வழி இருக்கிறதா என்பதைத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும்.

பலரும் விட்டுவிடும் மூன்று வரிகள்:

1. மொய், சீர். ஊரில் இருந்தால் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் நேரில் போக வேண்டும். பெற்றோரிடம் போன வருஷத்து மொய்க் கணக்கை வாங்கிப் பன்னிரண்டால் வகுத்து எழுதுங்கள்.
2. கரண்ட் பில். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். வாடகை வீட்டில் சில வீட்டுக்காரர்கள் தனி மீட்டர் தராமல் "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வாங்குவார்கள். வீட்டைப் பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.
3. தொழில் வரி. இதற்காக மாநிலம் மாற வேண்டாம். அரசியலமைப்பின்படி எந்த மாநிலமும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது.

## படி 3: பிள்ளை எந்த வகுப்பு?

மாநிலம் மாறுவதில் காலக்கெடு உள்ள ஒரே விஷயம் பிள்ளைகளின் படிப்பு. மற்றதை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம். இதைத் தள்ளிப்போட்டால் சில கதவுகள் மூடிக்கொள்ளும்.

- பொறியியல்: 8 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குக் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. இடையில் வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பேச்சில் நேட்டிவிட்டி என்கிறோமே, அந்தச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும்.
- மருத்துவம்: இங்கே கணக்கு 6ஆம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது.
- அரசுப் பள்ளி: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் சட்டம் வந்தது.
- அரசு வேலை: தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாள் திருத்தப்படும்.
- இடஒதுக்கீடு: தமிழ்நாட்டில் மொத்தம் 69 சதவீதம். பிழைப்புக்காகக் குடிபெயர்ந்த மாநிலத்தில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினர் அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் பிள்ளை பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் சாதிச் சான்றிதழ் உங்கள் பூர்வீக ஊரை வைத்துத்தான் வரும்.

சேர்க்கை விதிகள் ஒவ்வோர் ஆண்டும் தகவல் கையேட்டில் அச்சாகின்றன. உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேடுதான் கடைசி வார்த்தை.

நடைமுறையில்: பிள்ளை 5ஆம் வகுப்பு முடிக்கும் ஆண்டு மாறுவதற்கு நல்ல தருணம். அதைத் தவறவிட்டால் 7 முடிந்ததும். 9க்கும் 12க்கும் நடுவில் மாற்றுவதைக் கூடியவரை தவிருங்கள்.

மொழியை மறக்காதீர்கள். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு எழுதவும் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். என் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்து வந்தாள். முதல் நாள் பல்லாவரத்தில் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னேன். "குன்..." என்று ஆரம்பித்தவள் அதோடு நின்றுவிட்டாள். வீட்டில் நூறு தடவை சொன்ன ஊர்ப் பெயர், எழுத்தில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. 'ன்', 'ற' இரண்டு எழுத்தையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்று எனக்கு வந்த வருத்தம் உங்களுக்கு வர வேண்டாம். மாறுவதற்கு ஆறு மாதம் முன்பே தினம் இருபது நிமிடம் தமிழ் படிக்க வையுங்கள். கடைப் பலகை, நோட்டீஸ், சிறுவர் இதழ், எதுவானாலும் சரி.

## படி 4: பெற்றோரைக் கேளுங்கள்

"அப்பா அம்மாவுக்காகத்தான் வருகிறோம்" என்று சொல்கிற பலர், அந்த அப்பா அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இந்த மூன்று கேள்விகளைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

1. நாங்கள் வந்தால் ஒரே வீடா, பக்கத்துத் தெருவா?
2. இப்போது எந்த வேலை உங்களால் முடியவில்லை? வங்கியா, மருந்து வாங்குவதா, மாடி ஏறுவதா?
3. அண்ணன், தங்கை யாராவது ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறார்களா? நாங்கள் வந்தால் அவர்களுக்கு மனவருத்தம் வருமா?

பிறகு ஒரு கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது. நீங்கள் எத்தனை மணிக்கு அவர் பக்கத்தில் இருப்பீர்கள்? பெங்களூரிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். எப்படி வந்தாலும் விடிந்துவிடும். குன்றத்தூரிலேயே இருந்தால் 108க்குச் சொல்லிவிட்டு நீங்களே கூட ஏறிக்கொள்ளலாம். போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையும் குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. பெற்றோருக்கு இருதய நோயோ பக்கவாத ஆபத்தோ இருந்தால் இந்த ஒரு வரியே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. அதை நோட்டில் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

## படி 5: ஊரை மழையில் பாருங்கள்

நமக்குத் தெரிந்த ஊர் நாம் விட்டுப் போன ஊர்; இன்றைய ஊர் அதுவல்ல. குன்றத்தூர் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பக்கத்திலேயே போகிறது. கொய்யாத் தோப்பு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஆகவே புது ஊரைப் பார்ப்பதுபோலப் பாருங்கள்.

வேலைக்குப் போகும் வழி. ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலுக்குப் பல்லாவரம் போக வேண்டும். திருமுடிவாக்கம் சிட்கோ பக்கத்தில். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளும் போரூர், மணப்பாக்கம் ஐ.டி. அலுவலகங்களும் போய்வரக் கூடியவை. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை என்றால், காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தண்ணீர். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, உப்பு அளக்கும் சின்ன மீட்டரால் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. அதற்கு மேல் போனால் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான் என்று ஆகிவிடும். கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடையா, செப்டிக் டேங்கா என்றும் கேளுங்கள்.

வெள்ளம். குன்றத்தூர்ப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது செம்பரம்பாக்கம் ஏரி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பிவரும்போது உபரிநீரைத் திறப்பார்கள். அது போகும் வழி சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை, பிறகு அடையாறு. மழைக்காலத்து எச்சரிக்கை அறிவிப்பில் இந்தப் பெயர்களைத்தான் வாசிப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் இரு கரையும் மூழ்கியது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனபோது தரகர், "இங்க தண்ணியே வராது சார்" என்றார். எதிரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, என்னைக் கேக்காதீங்க, அந்தச் செவுத்தக் கேளுங்க" என்று காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்திருந்தது. மேலே மட்டும் புது பெயின்ட். அந்த வீட்டை விட்டுவிட்டேன்.

வெள்ளச் சோதனை, வரிசையாக:

1. அக்டோபர் முதல் டிசம்பருக்குள், நல்ல மழை பெய்த மறுநாள் காலை தெருவில் நடந்து பாருங்கள்.
2. தெருவைவிட வீட்டு வாசல் எத்தனை படி உயரம் என்று எண்ணுங்கள். சாலையை மறுபடி மறுபடி மேலே போட்டு உயர்த்தியிருந்தால் பழைய வீடு பள்ளத்தில் இருக்கும்.
3. சுவரில் கோடு, கதவின் அடிப்பக்கத்தில் துரு, மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டியிருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள்.
4. தரகரை விட்டுவிட்டு இஸ்திரிக்காரர், பால்காரர், டீக்கடைக்காரர் என மூன்று பேரிடம் கேளுங்கள்.
5. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டையும் பெற்றோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

குறிப்பு: அனகாபுத்தூர் வரை தாம்பரம் மாநகராட்சி, செங்கல்பட்டு மாவட்டம். குன்றத்தூர் வந்தால் தனி நகராட்சி, காஞ்சிபுரம் மாவட்டம். வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத் தாலுகா அலுவலகமும் மாறும்.

## படி 6: பதினோரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்

முடிந்தால் இப்போதுள்ள வேலையிலேயே ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்குங்கள். அந்த ஒரு மாதத்தை விருந்தாளியாகக் கழிக்காதீர்கள். காய்கறி வாங்குங்கள், ரேஷன் வரிசையில் நில்லுங்கள், பெற்றோரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சொந்தக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவது உங்களுக்கும் மனைவிக்கும் சந்தோஷமா, பாரமா என்பதும் அந்த மாதத்தில்தான் தெரியும்.

அடுத்தது வாடகை வீடு.

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.
2. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், குடியிருப்புக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.
3. பெயின்ட் செலவு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, கரண்ட் கணக்கு மூன்றையும் எழுதி வாங்குங்கள்.
4. முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

## படி 7: ஆவணங்களை மாற்றும் வரிசை

வரிசை தப்பினால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

1. பள்ளி மாற்றுச் சான்றிதழ். கல்வியாண்டு முடியும் முன்பே விண்ணப்பியுங்கள்.
2. வண்டி. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். முதலில் பழைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று. கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல். பிறகு இங்கே வரி கட்டி, படிவம் 27 கொடுத்துப் புது எண். குன்றத்தூருக்கு டி.என். 85. கடைசியாகப் பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வேண்டும். தடையில்லாச் சான்று வாங்காமல் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதற்காகவே இரண்டு முறை பெங்களூரு போய் வந்தேன். சான்றை வாங்கிய பிறகே வண்டியை அனுப்புங்கள்.
3. ஆதார் முகவரி. வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும்.
4. வாக்காளர் பட்டியல். இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8.
5. குடும்ப அட்டை. தமிழ்நாட்டில் பல திட்டங்களுக்கு இதுதான் அடிப்படை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் வெளிமாநிலத்தில் கிடைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைக்கான தானியம் மட்டுமே. இங்கே மானிய விலையில் தரும் துவரம்பருப்பும் பாமாயிலும் அங்கே வராது.
6. வருங்கால வைப்பு நிதி. பழைய கணக்கை மூடிப் பணம் எடுக்காதீர்கள். யு.ஏ.என். எண் நாடு முழுவதும் ஒன்றே. புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

## படி 8: மனை, வீடு வாங்குவது கடைசியில்

பதினோரு மாதம் முடிந்து, மழைக்காலம் ஒன்றைப் பார்த்த பிறகே வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள். வாங்கும் செலவில் முத்திரைத்தாள், மாற்றுத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேரும். 40 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். மனசு மாறினால் இந்தப் பணம் திரும்ப வராது.

- 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் மூன்றையும் நீங்களே இணையத்தில் எடுத்துப் பாருங்கள். தரகர் தரும் ஜெராக்ஸை மட்டும் நம்ப வேண்டாம்.
- நிலம் நீர்நிலைப் புறம்போக்கோ கால்வாய்க் கரையோ இல்லை என்பதைத் தாலுகா அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள்.
- மனைப்பிரிவுக்குச் சி.எம்.டி.ஏ. ஒப்புதல் எண் இருக்கிறதா பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீட்டுக்கு மேலோ உள்ள திட்டம் தமிழ்நாடு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும்.
- பவர் பத்திரத்தில் விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பாருங்கள்.
- வக்கீல் கட்டணத்தில் சிக்கனம் வேண்டாம்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. திருவிழா முடிவு. பொங்கல், தீபாவளி முடிந்து இரண்டு வாரத்துக்குள் எந்த முடிவும் வேண்டாம்.
2. வேலை கிடைக்கும் முன் ராஜினாமா. கையில் நியமனக் கடிதமும் ஆறு மாதச் செலவுக்குப் பணமும் இருக்கட்டும்.
3. வெளிமாநிலத்தைக் குறை சொல்லியே ஊரைப் பெரிதாக்குவது. "அங்கே நம்மை மதிக்கவில்லை" என்பது ஒரு வரி மட்டுமே. இங்கே வந்தாலும் சாதி பார்த்து வீடு கொடுப்பவரையும் உங்கள் சம்பளத்தை விசாரிக்கும் உறவினரையும் சந்திப்பீர்கள். அதையும் அதே நேர்மையோடு எழுதுங்கள்.
4. மதிப்பெண்ணைக் கூட்டி மட்டும் முடிவெடுப்பது. குடும்பத்தில் ஒருவர் ஒரு வரிக்கு 0 போட்டிருந்தால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் அந்த வரிக்கு வழி காணாமல் நகராதீர்கள்.

## "இப்போதைக்கு அங்கேயே" என்று முடிவானால்

அது தோல்வி இல்லை. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரும் ஊரை விட்டுச் சோழர் அரசவைக்கு அமைச்சராகப் போனவர்தான். பெரியபுராணம் அரங்கேறியது சிதம்பரத்தில். அப்படியும் தம் ஊரில் திருநாகேசுவரம் கோயிலை எழுப்பினார். ஊரோடு உள்ள தொடர்பை அறுக்காமல் வைத்துக்கொள்ளச் சில வழிகள்:

- ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. வருஷத்துக்கு நான்கு பயணத் தேதியை ஜனவரியிலேயே குறித்து, ஒவ்வொன்றுக்கும் போனில் நினைவூட்டல் வையுங்கள்.
- பிள்ளைகளின் சாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் ஊர் வரும்போதே எடுத்துவிடுங்கள்.
- பெற்றோருக்கு ஒரு மருத்துவர், ஒரு ஆட்டோக்காரர், ஒரு பக்கத்து வீட்டார் என மூன்று பேரின் எண்ணை உங்கள் போனில் வையுங்கள்.
- இருக்கும் மாநிலத்தின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து வருஷம் உப்பைத் தின்ற ஊரின் மொழி பேசத் தெரியாமல் இருப்பது நமக்குத்தான் குறை.

## கடைசிப் படி

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன முடிவு, எந்த இரண்டு காரணத்துக்காக, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது. குடும்பத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வருஷம் கழித்து, அதே தேதியில் அந்த இரண்டு காரணத்தையும் படியுங்கள். இன்னும் உண்மையாக இருந்தால் நோட்டை மூடிவிடலாம். ஒன்று பொய்த்துப் போயிருந்தால் படி 1லிருந்து தொடங்குங்கள். வாடகை வீட்டில்தானே இருக்கிறீர்கள். பின்வாங்க வழி இன்னும் திறந்தே இருக்கிறது.